வெர்னா பார்த்த சிவப்பு

கேவின் ப்ரௌஸ் பிரிஸ்பேனிலிருந்து எங்கள் சர்க்கரை ஆலைக்கு வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு மடிக்கணினி இருந்தது, வாயில் ஒரு மந்திரம் இருந்தது. ‘எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவருவோம்’ என்பதே அந்த மந்திரம். வயலில் நின்ற கரும்பைப் பார்த்து இது மூங்கிலா என்று அவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. அது பொய். ஆனால் கேட்டிருக்கக்கூடிய ஆள்தான்.

அதுவரை கெல்வெரா ஆலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணினி இருந்தது. கரும்பு ரயில்களுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, சாறு சோதிக்கும் கூடத்துக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று. எல்லாம் பழசுதான், தூசிதான். ஆனால் ஒன்றின் தலைவலி இன்னொன்றுக்கு வராது. அரவை இல்லாத மாதங்களில் கேவின் அத்தனையையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஒரே ஒரு பெரிய பெட்டியை வாங்கி, அதற்குள் எல்லாவற்றையும் மெய்நிகர் கணினிகளாகக் குடியேற்றினார். பெட்டி ஒன்று, உள்ளே குடித்தனங்கள் பல. ஒவ்வொரு குடித்தனமும் தான் மட்டும் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். இதில் தப்பில்லை. உலகமே செய்கிறது. நானும் செய்திருப்பேன், கொஞ்சம் புத்தியோடு.

என் பெயர் டெல்ஃபினா. ஆலையில் எல்லோருக்கும் டெல். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் இந்த ஊரில் வெயிலில் நின்று கையால் கரும்பு வெட்டியவர்கள். நான் கணினி அறையில் குளிரில் உட்கார்ந்து வயதாகிக்கொண்டிருக்கிறேன்.

ஜூனில் அரவை தொடங்கியது. முதல் வாரமே ரயில்களைப் பார்த்துக்கொள்ளும் கணினி நீலத் திரையைக் காட்டிவிட்டு விழுந்தது. ‘ஒரு ப்ராசஸர் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. கேவின் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார்.

“எத்தனை ப்ராசஸர் குடுத்திருக்கோம்?”

“ரெண்டு.”

“அதான். பாவம், ரெண்டை வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும். நாலாக்குங்க.”

நாலாக்கினேன். விழுந்தது. எட்டாக்கச் சொன்னார். இன்னும் சீக்கிரமாக விழுந்தது. பதினாறு என்றார். சம்பளக் கணினி மெதுவாக இருக்கிறது என்று சம்பளப் பிரிவுப் பெண்கள் முறையிட, அதற்கும் பதினாறு. கேமராவுக்கும் பதினாறு. சோதனைக் கூடத்தில் யாருமே கேட்கவில்லை. அவர்கள் மனம் நோகக் கூடாதென்று அவர்களுக்கும் பதினாறு. கோயில் பிரசாதம் கொடுப்பதைப்போல அள்ளிக் கொடுத்தார். பெட்டிக்குள் உண்மையில் இருந்த ப்ராசஸர்கள் முப்பத்திரண்டு.

“கேவின், இது பசியில விழல. நெரிசல்ல விழுது,” என்றேன்.

“புரியல.”

“எங்க வீட்டுக் கல்யாணத்துல குடும்பப் படம் எடுக்கிறதைப் பாத்திருக்கீங்களா? ரெண்டு பேரை நிறுத்திப் படம் எடுக்கணும்னா ஒரு நிமிஷம். பதினாறு பேரை நிறுத்தணும்னா ஒரு மாமா பார்ல இருப்பாரு, ஒரு அத்தை பாத்ரூம்ல இருப்பாங்க. படம் எடுக்கிறவன் காத்துக்கிட்டே நிப்பான். இந்தக் கணினியும் அதே மாதிரிதான். பதினாறும் வேலைக்கு வரணும்னு காத்துக் கிடக்கு. வர்றதுக்குப் பெட்டியில இடம் இல்ல. ரொம்ப நேரம் ஒண்ணு வரலைன்னா, செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி இயங்குதளம் தானே கடையைச் சாத்திடுது. நாலுக்குக் கீழ இறக்குங்க. எல்லாத்தையும் இறக்குங்க.”

கேவின் புன்னகைத்தார். அவருக்கு அழகான பற்கள்.

“வாங்கிப் போட்டிருக்கோம், டெல். சும்மாவா கிடக்கணும்? கூட்டுறதை விட்டுட்டுக் குறைக்கச் சொல்றீங்களே. பழைய காலத்து யோசனை.”

மெஷினைப் பழைய காலத்திலிருந்தே நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதை அவர் ஒரு குறையாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். கனம் அதிகம்.

இதற்கிடையில் வெர்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெர்னா வில்லி ரயில் கட்டுப்பாட்டு அறையில் மைக்கைப் பிடித்தவள். எங்கள் கரும்பு ரயில்கள் வயல்களுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான் போகலாம். யார் போகலாம், யார் நிற்கலாம் என்பதை வெர்னாவின் குரல்தான் சொல்லும். என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடத்திலிருந்து அந்தக் குரல்தான் இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வண்டியிலும் கேட்கிறது. அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ‘எனக்கு எதுக்கு, இருபது ஓட்டுநருங்க இருக்கானுங்க’ என்பாள். அந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருந்ததில்லை.

ஆகஸ்டில் விபத்து நடந்தது. கேவினின் புதிய ஏற்பாட்டில், ஓட்டுநர் வண்டியிலேயே ஒரு பொத்தானை அழுத்திக் காலியான பகுதியை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் வெர்னாவின் திரையில் அந்தப் பகுதி சிவப்பாகும். அன்று ஓட்டுநர் ஒருவன், வழியில் விட்டுப்போன கரும்புத் தொட்டி வண்டிகளை எடுக்கப் பொத்தானை அழுத்திவிட்டு ஆற்றுப் பாலத்துப் பகுதிக்குள் போனான். எதிர்ப்பக்கம் தன் வண்டியோடு நின்ற மூத்த ஓட்டுநர் மெர்வுக்கு வெர்னா, ‘பாலம் காலி, வா’ என்றாள். மெர்வ் போனார். வளைவில் எதிரே எஞ்சினைப் பார்த்ததும் குதித்தார், வண்டிகள் மோதின. உயிர் தப்பியது, இடுப்பு எலும்பு உடைந்தது. கொஞ்ச நேரத்தில் ரயில் கணினியும் வழக்கம்போல நீலமாகி விழுந்து, தானே எழுந்துகொண்டது.

கேவின் அன்று மாலைக்குள் தீர்ப்பைத் தயார் செய்துவிட்டார். பாலம் சிவப்பானது பத்து பத்துக்கு என்று கணினி சொன்னது. வெர்னா வாயைத் திறந்தது பத்து பன்னிரண்டுக்கு என்று, பெட்டிக்கு வெளியே தனிக் கடிகாரத்தோடு இருக்கும் ரேடியோவின் ஒலிப்பதிவு சொன்னது.

“ரெண்டு நிமிஷம் சிவப்பா இருந்திருக்கு. அவங்க பாக்கல,” என்றார். “கணினி விழுந்தது மோதினதுக்கு அப்புறம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

வெர்னாவை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். விசாரணையில் அவள்மேல் தவறு என்று முடிவானால் இனி எந்த ஆலையிலும் அவள் மைக்கைத் தொட முடியாது. கேவினுக்கு அதுவும் போதவில்லை. கணினியின் பதிவை ஒரு படமாக ஓடவிட்டு, வெர்னாவின் குரலை மேலே ஒட்டி ஒரு காட்சி தயாரித்தார். பாலம் பளிச்சென்று சிவக்கும். ‘பாலம் காலி, வா’ என்று அவள் குரல் வரும். அதை அவளுக்கே போட்டுக் காட்டினார். ‘நினைவுபடுத்திக்கொள்ள உதவி’ என்று அதற்குப் பெயர் வைத்தார். அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்து, மறுபடி மறுபடி காட்டினார். அந்த ஆளின் உதவி செய்யும் குணத்தைப்பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம்.

நான் டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரிக்கு மெர்வைப் பார்க்கப் போனேன். அட்டைப் பெட்டியில் வரும் ஐஸ் காபி இரண்டு வாங்கிப் போயிருந்தேன். இரண்டையும் அவரே குடித்தார்.

“வெர்னா எப்படிம்மா இருக்கா?”

“வீட்ல சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கா, அண்ணே.”

“அவ பாக்காம விடுற ஆளே இல்ல. நான் சிகரெட் பத்த வைக்கிறதைக்கூட ரேடியோவுலயே கண்டுபிடிச்சுத் திட்டுவா.” மெர்வ் கொஞ்சம் நகர முயன்று முகத்தைச் சுளித்தார். “உன் மெஷினைத் திட்டணும். அதுக்கு ஸ்மோகோவே கிடையாது, தெரியுமா?”

ஸ்மோகோ என்பது பத்து மணித் தேநீர் நேரம். கொதிகலன் அறையில் சங்கு ஊதுவார்கள். ஆலை முழுவதும் அந்தச் சங்குக்குத்தான் வாயைத் திறக்கும்.

“என்ன சொல்றீங்க?”

“சங்கு ஊதி, நாங்க பாதி சாண்ட்விச்சைத் தின்னு முடிச்சிருப்போம். வண்டியில இருக்கிற திரை இன்னும் பத்தே ஆகலைன்னு சொல்லும். அந்தத் திரைக்கு மணி சொல்றது உன் மெஷின்தானே. ஒருநாள் ரெண்டு நிமிஷம் பின்னாடி நிக்கும், ஒருநாள் பத்து நிமிஷம். நீலமாகி விழுந்து எந்திரிச்சா மணி சரியாயிடும். குடிகாரன் தூங்கி எந்திரிச்சிட்டான்னு நாங்க சிரிப்போம்.”

நான் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்தேன்.

“இத ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?”

“நல்லா கேட்ட போ. நீதானே கம்ப்யூட்டர்காரி. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சோம்.”

காரில் வந்து உட்கார்ந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு மெய்நிகர் கணினிக்கு மணி பார்க்கவும் ப்ராசஸர் வேண்டும். முறை வராமல் அது காத்துக் கிடக்கும்போது அதன் கடிகாரமும் காத்துக் கிடக்கும். பாதுகாப்பு என்ற பெயரில் கேவின் வெளியிலிருந்து மணி சரிபார்ப்பதையும் நிறுத்தியிருந்தார். ஆகவே அது பின்தங்கிக்கொண்டே போகும். விழுந்து எழும்போதுதான் பெட்டியிடம் கேட்டுச் சரியாக்கிக்கொள்ளும். அன்று அது பத்து பத்து என்று எழுதிய நேரம் உண்மையில் பத்தேகாலோ அதற்கும் மேலோ. ஓட்டுநர் எப்போதோ அழுத்திய பொத்தான், வரிசையில் கிடந்து, வெர்னா பேசி முடித்த பிறகுதான் சிவப்பாக வந்திருக்கிறது. அவள் பார்த்தபோது பாலம் காலியாகத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் கேவினிடம் சொன்னேன்.

“விபத்து முடிஞ்சதும் நான் முதல்ல பாத்ததே மணியைத்தான், டெல். நொடி பிசகல.”

“விழுந்து எழுந்ததுக்கு அப்புறம் பாத்தீங்க.”

“கணினிக்கு மணி தெரியாதுன்னு சொல்றீங்க. நிஜமாவா?” என்று சிரித்தார். “எதுக்கும் இருக்கட்டும்னு இப்ப அதை இருபத்துநாலாக்கிட்டேன். இனி விழாது.”

அன்றைக்கு மட்டும் அவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தன் கையாலேயே எனக்குச் சாட்சி தயார் செய்து வைத்திருந்தார்.

அதற்கு அடுத்த நாளே விசாரணை. அதற்கு எங்கள் கம்பெனி வைத்திருக்கும் பெயர் ‘யாரையும் குற்றம் சொல்லாத ஆய்வுக் கூட்டம்’. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் மட்டுமே அதைக் கூட்டுவார்கள். தலைமையகத்திலிருந்து அனலீஸ் என்ற பெண் வந்து தலைமை தாங்கினாள். நடுவில் ஒரு தட்டு நிறைய தேங்காய்த்துருவல் போட்ட லாமிங்டன் கேக். வெர்னா சர்ச்சுக்குப் போடும் நீல உடுப்பில் வந்திருந்தாள். கேக்கைத் தொடவில்லை. முகம் பாதியாக இளைத்திருந்தது.

கேவின் தன் படத்தை ஓட்டினார். பாலம் சிவந்தது. வெர்னாவின் குரல் வந்தது. நான் வெர்னாவைப் பார்த்தேன். படத்தோடு சேர்ந்து அவள் உதடுகளும் ‘பாலம் காலி, வா’ என்று அசைந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதைப்பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை, என் முறை வந்துவிட்டது.

“நான் எதுவும் பேசப் போறதில்ல,” என்றேன். “எல்லாரும் எந்திரிச்சு எதிர்ல இருக்கிற கட்டுப்பாட்டு அறைக்கு வாங்க. ஸ்மோகோ ஆகப் போகுது.”

அனலீஸ் கேவினைப் பார்த்தாள். கேவின் தோளைக் குலுக்கினார். போனோம். வெர்னாவின் நாற்காலியில் ரான் என்ற மாற்று ஆள் உட்கார்ந்திருந்தான். தண்டவாளங்களின் படம் பெரிய திரையில் விரிந்திருந்தது, மூலையில் மணி.

சங்கு ஊதியது. ரான் உடனே ஹெட்போனைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான்.

“உங்க ஃபோன்ல மணி என்ன, அனலீஸ்?”

“பத்து.”

“திரையில?”

அனலீஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். “ஒன்பது நாற்பத்தெட்டு.”

ரான் வாயில் ரொட்டியோடு திரும்பிப் பார்த்தான்.

“அதையா பாக்குறீங்க? அது எப்பவும் அப்படித்தான். முன்னாடி இவ்வளவு மோசமில்ல. நேத்துல இருந்துதான் ரொம்ப.”

“நேத்து என்ன நடந்துச்சு?” என்று அனலீஸ் கேட்டாள்.

“கேவினைக் கேளுங்க,” என்றேன். “அள்ளிக் குடுக்கிற கை அவரோடது.”

கேவினின் கழுத்திலிருந்து முகம்வரை சிவப்பு ஏறியதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்க மாட்டேன். மறுபடி அறைக்கு வந்து உட்கார்ந்தோம். நெரிசலையும் கடிகாரத்தையும் பற்றி நான் சொன்னதை அனலீஸ் குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் முடித்ததும் ஒரு லாமிங்டனை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

“அப்ப, வெர்னா,” என்று அனலீஸ் மென்மையாகக் கேட்டாள், “நீங்க மெர்வை வரச் சொன்னப்போ பாலம் இன்னும் சிவப்பாகல. சரிதானே?”

வெர்னா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா. சிவப்பாத்தான் இருந்துச்சு.”

“வெர்னா,” என்றேன் நான்.

“இருந்துச்சு, டெல். நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் வரச் சொன்னேன். ஏன் சொன்னேன்னுதான் தெரியல. ராத்திரி பூரா யோசிச்சுப் பாக்குறேன், தெரியல.”

“இப்பதானே காட்டினேன். அது அங்க இருந்திருக்கவே முடியாது.”

“எனக்கு நினைவிருக்கு. பாலம் சிவப்பு, என் கை மைக்ல. அந்த நிறம்கூட கண்ணுல நிக்குது.”

கேவின் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாருங்க, அவங்களே…” என்று தொடங்கினார். அனலீஸ் அவர் பக்கம் திரும்பி, “அந்தப் படத்தை இவங்களுக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டினீங்க?” என்று கேட்டாள். கேவின் மடிக்கணினியை மூடினார். நான் பாதி கடித்த கேக்கைத் தட்டிலேயே வைத்தேன்.

முடிவு எங்கள் பக்கம்தான் வந்தது. வெர்னாமேல் தவறில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. ரயில் கணினியை இரண்டு ப்ராசஸருக்கு இறக்கினேன், மற்றவற்றையும் இறக்கினேன். அதற்குப் பிறகு அது ஒருமுறைகூட விழவில்லை. மணியும் சங்கோடு ஒத்துப்போகிறது. கேவின் இதற்கு ‘சரியளவுத் திட்டம்’ என்று பெயர் சூட்டி, பிரிஸ்பேனில் ஏதோ மாநாட்டில் மேடையேறிப் பேசிவிட்டு வந்தார். கைதட்டினார்களாம். தட்டட்டும். அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குத் திரும்பி ப்ராசஸரைக் கூட்டியிருப்பார்கள்.

ஆனால் வெர்னா வரவில்லை. அரவை உச்சத்தில் இருந்தது. ரானால் சமாளிக்க முடியவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் வண்டி போகும் சத்தம் கேட்டதும் அவள் கை நின்றது. சத்தம் பாலத்தைத் தாண்டும்வரை நின்றுவிட்டு மறுபடி துணியை உதறினாள்.

“எல்லாரும் கேக்குறாங்கடீ. ஓட்டுநருங்க கையெழுத்துப் போட்டுக் கேக்குறாங்க. உன் பேர்ல ஒரு பழியும் இல்ல. மெஷினையும் சரி பண்ணிட்டேன். இன்னும் என்ன?”

“நீ சொன்னதெல்லாம் நம்புறேன், டெல். சிவப்பு இல்லன்னு என் புத்திக்குத் தெரியுது.”

“அப்புறம் என்ன?”

“கண்ணை மூடினா இருக்கே.” அவள் ஒரு துணிக்கவ்வியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “நீயே சொல்லு. இல்லாத சிவப்பைப் பாத்தேன்னு சத்தியம் பண்ற ஆளு நான். நாளைக்கு நிஜமாவே ஒண்ணு வந்து, இது அந்தப் பழைய சிவப்புன்னு நினைச்சு விட்டுட்டா? அந்த வண்டியில இருக்கிறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவள் கையிலிருந்த கவ்வியை வாங்கினேன். அவளோடு சேர்ந்து மிச்சத் துணிகளைக் காயப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.